கரண்ட் வந்ததும் திரும்பி வந்த பக்கங்கள்

பிரௌசிங் சென்டர் நடத்துகிறவனுக்குத் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வது சுலபம். வாடிக்கையாளர் மானத்தைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறேன். என்னைப் போலவே கடை திறந்து அல்லாடுகிறவர்களே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும்.

வராது வந்த எக்ஸ்டென்ஷன்

எங்கள் தெருவில் கரண்ட் போவது சகஜம். யூ.பி.எஸ். பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது. கரண்ட் போனால் வாடிக்கையாளர் திறந்து வைத்திருந்த பக்கங்கள் அத்தனையும் மாயம். நானே போய் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வந்த மாதிரி திட்டுவார்கள்.

அதனால் பிரௌசரில் எக்ஸ்டென்ஷன் என்கிற குட்டி புரோகிராம் ஒன்றைப் போட்டேன். திறந்திருக்கும் பக்கங்களை அது நினைவில் வைத்துக்கொள்ளும். பிரௌசரை மறுபடி திறந்தால் வரிசையாக எடுத்து வைக்கும். 'உங்கள் விவரம் எதுவும் இந்தக் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது, எங்களுக்கே தெரியாது' என்று அதைச் செய்தவர்கள் எழுதியிருந்தார்கள். வேலைக்கு விண்ணப்பம் போட வந்த பெண் ஒருத்தி, பாதியில் போன பக்கம் திரும்பி வந்ததைப் பார்த்துச் சொன்னாள்: "சூப்பர்ண்ணா! இப்பதான் இது கடை மாதிரி கீது."

திண்டிவனத்துக்காரர்

மனைவியை இழந்த பெரியவர் ஒருவர் வாரம் ஒருமுறை திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வருவார். அங்கே கடைகள் இல்லாமல் இல்லை. எல்லாக் கடையிலும் அவரைத் தெரிந்தவர்கள். மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மறுமணத்துக்கான பக்கங்களைப் பார்ப்பார். தன் போட்டோவையும் அதில் போட்டிருந்தார், பாவம், புதுச் சட்டையில்.

ஒரு நாள் பிரௌசரை மூடிவிட்டுத்தான் கிளம்பினார். எக்ஸ்டென்ஷனுக்கு அது போதவில்லை. அடுத்து வந்து உட்கார்ந்தவர் பிரௌசரைத் திறந்ததும் அத்தனை பக்கமும் வந்து நின்றது. உட்கார்ந்தவர் வேறு யாருமில்லை, அவர் மகளின் மாமனார். "அட, இது எங்க சம்பந்தி போட்டோ ஆச்சே!" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். பெரியவர் திண்டிவனம் போய்ச் சேரும் முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

பெரியவர் அதற்குப் பிறகு வரவில்லை. மனது கேட்காமல் போன் செய்தேன். கோபப்படவே இல்லை. மெதுவாகச் சொன்னார்: "பேச்சுத் தொணைக்குதாங்க தேடினேன். இருந்த பொண்ணும் இப்ப பேசறதில்லீங்க."

அமுதா திறந்தவை

அந்த எக்ஸ்டென்ஷனைச் செய்தவர்கள் எழுதியிருந்ததை மறுபடி படித்தேன். பொய்யே இல்லை. கம்ப்யூட்டரை விட்டு எதுவும் வெளியே போகவில்லைதான். ஆனால் என் கம்ப்யூட்டரில் ஊரே அல்லவா வந்து உட்காருகிறது? அன்றிலிருந்து ஒருவர் எழுந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அடுத்தவரை உட்கார வைத்தேன்.

காணை கிராமத்துப் பக்கமிருந்து அமுதா என்றொரு பெண் வந்தாள். புருஷன் குமாருக்கு முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் வைத்தியம். வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர், காமாலை வந்து கல்லீரல் கெட்டுவிட்டது. "கல்லீரல்னாலே குடிகாரன்னு பேசுவாங்கண்ணா. அவருக்கும் முழுசா தெரியாது. நான் பாக்கறத யாரும் பாக்கக் கூடாது" என்றாள். எழுந்ததும் அழித்துவிடுகிறேன் என்றேன். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பார்த்துத் தட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். கரண்ட் போனது. "மாத்திரை வாங்கிக்கினு வர்றேன், அப்படியே வைங்கண்ணா" என்று பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.

கரண்ட் வந்ததும் அவள் கேட்டபடி பக்கங்களைத் திறந்து வைத்தேன். ஜெராக்ஸுக்கு ஆள் வந்தது, திரும்பினேன். அந்த நேரத்தில் அவளைத் தேடி வந்த குமார், பையைப் பார்த்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடி வருவதற்குள் படித்துவிட்டார்.

நோய் பற்றிய பக்கங்களைப் பார்த்து அவர் அசரவில்லை. டாக்டர் முன்பே தன்னிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அமுதாவுக்குத் தெரியாமல் அவர்தான் மறைத்து வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில்தான் ஆள் உடைந்துபோனார். மனைவி தன் கல்லீரலில் ஒரு பாதியை வெட்டிப் புருஷனுக்குக் கொடுக்கலாமா என்று அதில் இருந்தது. அந்த ஒன்றை மட்டும் அவரே மூடினார். "ரெண்டு பொண்ணுங்க கீதுங்கண்ணா. அவளையும் அறுக்கறதா? நான் வந்தத சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அமுதா வந்து உட்கார்ந்தாள். பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"கடைசிப் பக்கம் மட்டும் காணோமேண்ணா?"

"எக்ஸ்டென்ஷன் விட்டிருக்கும்மா."

"அவரு வந்தாரா?"

நான் ஜெராக்ஸ் தாள்களை அடுக்க ஆரம்பித்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். "எல்லாத்தையும் அழிச்சிடுங்கண்ணா. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்."

எதுவும் இந்தக் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது என்று எழுதியவர்கள் நல்லவர்கள்தான், அமுதாவைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.