எழுத்துக்கல்லை உடைத்தவன்

அந்தக் கல்வெட்டை உடைத்தவன் நான்தான்.

சிலை கடத்துகிறவர்கள் உடைக்கவில்லை. எங்கள் ஊரார் இன்றைக்கும் பேர் சொல்லிக் காட்டுகிறார்களே, அந்த லப்பைக்குடிக்காட்டு மனிதரும் உடைக்கவில்லை. நான்! பட்டப்பகலில், என் கொல்லையில், என் சம்மட்டியால்.

ஆறு வருடங்களாக இதை எவரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்பதால்தான் சொல்ல முடிகிறதோ என்னவோ... அதுவும் கோழைத்தனம்தான். தெரியும்.

ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே எனக்கு மூன்று ஏக்கர் முந்திரிக்காடு. அதன் ஓரத்தில் ஏரிக்கரை. கரையை ஒட்டி, என் கொல்லைக்குள்ளேயே, இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நின்றது. மூன்று பக்கமும் எழுத்து. ஊரில் அதற்குப் பெயர் எழுத்துக்கல். அதில் அரிவாள் தீட்டுவோம், மாடு கட்டுவோம், துண்டைக் காயப்போடுவோம். படித்ததில்லை.

சற்றுத் தொலைவில்தான் கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரிய கோயில். எந்தெந்த தேசத்திலிருந்தோ வருகிறவர்கள் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணாந்து நிற்பார்கள். பொங்கலுக்கு நாங்களும் குடும்பத்தோடு போய் நின்றிருக்கிறோம். அந்தப் பெருமை எங்களுக்கும் உண்டு. ஆனால் எங்கள் கல்லை நாங்கள் திரும்பிப் பார்த்தது கிடையாது.

கபூர் பாய்தான் முதலில் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீலநிற ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அறுபதை நெருங்கும் வயது, மெலிந்த உடம்பு. லப்பைக்குடிக்காட்டிலிருந்து வருவதாகச் சொன்னார். கல்லைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். அவ்வளவு தூரம் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு ஒரு கல்லைப் பார்க்க வருவானா ஒருவன்? அந்த நிமிடமே எனக்குள் சந்தேகம் விழுந்துவிட்டது.

மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டினார். மைதா மாவை எழுத்தின் மேல் தூவி, உள்ளங்கையால் மெதுவாகத் துடைத்தார். நாற்பது வருடமாக நான் பார்த்துவந்த கறுத்த கல்லில் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து நின்றன! என் மேல் சிலிர்த்தது. அதை மறைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு எதுக்குங்க பாய் இதெல்லாம்?" என்று கேட்டேன். கேள்வியில் இருந்த முள் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்போல் சிரித்தார்.

வளைகுடாவில் ஒரு பழைய மண்கோட்டைக்குக் காவலாளியாக இருந்தாராம். பதினோரு வருடம். வெள்ளைக்காரர்களும் சீனர்களும் வரிசையில் நின்று அந்த மண்சுவரைப் பார்ப்பார்களாம். யாராவது சுவரில் சாய்ந்தால் எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும், அதுதான் அவருக்கு வேலை. ஊர் திரும்பியதும் பெரம்பலூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் பழைய எழுத்து படிக்கக் கற்றுக்கொண்டார்.

பிறகு, நான் கேட்காமலே ஒன்று சொன்னார்.

"சின்ன வயசுல ரஞ்சன்குடி கோட்டைக்குப் போனப்ப, ஆணியால செவுத்துல எம்பேரக் கீறி வச்சேன் தம்பி. இன்னிக்கும் இருக்கு. அப்பப்ப போயிப் பாப்பேன். வெக்கமா இருக்கும்."

முன்பின் தெரியாத ஒருவனிடம் தன் தவறை எத்தனை எளிதாகச் சொல்லிவிட்டார்! அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் இதை என்னிடம் சொல்கிறார், இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் யோசித்தேன்.

தொடர்ந்து நான்கு ஞாயிறுகள் வந்தார். முன்பக்கத்தின் எட்டு வரிகளைக் கைப்பேசியில் படம் பிடித்தார். மற்ற இரண்டு பக்கங்களிலும் பாசி படர்ந்திருந்தது. தெரியாமல் சுரண்டினால் எழுத்து போய்விடும், விவரம் தெரிந்தவர்களோடு வந்துதான் தொட வேண்டும் என்று விட்டுவிட்டார்.

பெரியப்பா மகன் கலியமூர்த்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் டீக்கடையில் என்னைத் தனியாக அழைத்தார்.

"கல்லப் போட்டோ எடுக்குறவன் சும்மா எடுக்க மாட்டான்டா தங்கராசு. நாளைக்கு டேப்ப எடுத்துக்கிட்டு அளக்க வருவாங்க. பெரிய கோயிலச் சுத்தி ஒரு செங்கல் வைக்கணும்னாலும் கேட்டுட்டுத்தான் வைக்கணும், தெரியும்ல?"

எனக்குப் பயம் வந்தது. காரணம் இருந்தது. என் அப்பா காலத்தில், ஏதோ திட்டத்துக்கு வேண்டுமென்று எங்கள் மேட்டு நிலத்தை அளந்து எல்லைக்கல் நட்டார்கள். விற்கவும் முடியவில்லை, போர் போடவும் முடியவில்லை. திட்டமும் வரவில்லை. நிலம் எங்களுடையதுதான் என்று காகிதம் வருவதற்குள் அப்பா போய்விட்டார். அதுவும் ஒரு மனிதர் கேமராவோடு வந்து, "சும்மா பாக்கத்தான்" என்று சொன்னதில் தொடங்கியதுதான்.

பார்த்தீர்களா... அப்பாவைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். உண்மையில் பயமா? அல்லது, என் நிலத்தில் நின்ற கல்லை என்னைவிட ஓர் அந்நியர் நன்றாக அறிந்திருந்தாரே, அந்த எரிச்சலா? அவர் வேறு மதத்தவர் என்பதும் அதில் கலந்திருந்ததா? இருந்தது. மறைக்கப்போவதில்லை.

நான்காவது ஞாயிறு புறப்படும்போது கபூர் பாய் என்னிடம் மகிழ்ச்சியாகச் சொன்னார்.

"அடுத்த வாரம் எங்க வாத்தியாரைக் கூட்டியாறேன் தம்பி. தாள் ஒட்டிப் படி எடுத்துட்டா முழுசும் படிச்சிடலாம். கவர்மெண்டுக்கு எழுதிப் போட்டா, இன்ஷா அல்லாஹ், இதுக்கு ஒரு கூரையாவது போடுவாங்க."

தலையாட்டினேன். ஒரு பை நிறைய முந்திரிப்பழம் கொடுத்து அனுப்பினேன்.

புதன்கிழமை மத்தியானம், ஏரிக்கரையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, கடப்பாரையும் சம்மட்டியுமாகப் போனேன்.

முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. நின்றிருக்கலாம்... அப்போதாவது நின்றிருக்கலாம்! நாலாவது அடியில் உச்சி பெயர்ந்தது. வெளியே கறுத்துக் கிடந்த கல், உள்ளே அன்றைக்குத்தான் வெட்டியதுபோல் வெளுத்திருந்தது. அதன் பிறகு என் கை நிற்கவில்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு மொட்டைக்கல் மிஞ்சும்வரை அடித்தேன். துண்டுகளை என் கொல்லையிலிருந்த பாழுங்கிணற்றில் தள்ளினேன்.

வீட்டுக்குப் போனபோது என் மனைவி மலர் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தலைமயிரில் கல்மாவு படிந்திருந்தது. ஏன் என்று கேட்கவில்லை. குளிக்கத் தண்ணீர் மட்டும் எடுத்துவைத்தாள். அவளுக்குத் தெரியுமா? ஆறு வருடமாக அவள் முகத்தில் இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு வந்தது. கபூர் பாய் ஆசிரியரோடு வந்தார். மொட்டைக்கல்லைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். செய்தி பரவி ஊரே கூடிவிட்டது. இத்தனை காலம் துண்டு காயப்போட்ட கல்லுக்கு, அன்றைக்குத்தான் எல்லோருக்கும் கோபம் வந்தது!

வாரா வாரம் வந்து கல்லைத் தடவிக்கொண்டிருந்தவர் இவர்தானே என்று கலியமூர்த்தி அண்ணன் ஆரம்பித்தார். வெளிநாட்டில் இருந்தவர், அங்கே இதற்கெல்லாம் ஆள் வைத்திருப்பார் என்றார் இன்னொருவர். நம் சாமி கல் இவருக்கு எதற்கு என்று பின்னாலிருந்து ஒரு குரல். அது சாமி கல்தானா என்பதுகூட எங்களில் யாருக்கும் தெரியாது.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"உங்கொல்லைடா. நீ சொல்லு, யாராச்சும் வந்தாங்களா?" என்றார் அண்ணன்.

தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். அது பொய்தான் என்றாலும், ஒரு மனிதரை அழிக்கும் பொய்யாக இருந்திருக்காது. நான் சொன்னது இது:

"புதன்கிழமை ஏரிக்கரையில ஒரு வண்டி நின்னாப்ல இருந்துச்சு. நீலக் கலரு. ஆளப் பாக்கல."

கபூர் பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்... எழுத்தைப் படிக்கும்போது பார்ப்பாரே, அப்படி நிதானமாகப் பார்த்தார்.

போலீஸ் வந்தது. மூன்று நாள் அவரைக் காலையில் அழைத்துப் பொழுதுசாயும்வரை உட்கார வைத்தார்கள். வீட்டைச் சோதித்தார்கள். ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை. ஆனால் அதற்குள் அவர் படம் வாட்ஸ்அப்பில் அரியலூர், பெரம்பலூர் என்று சுற்றிவிட்டது. அதன் பிறகு அவர் எந்த ஊருக்குப் போய்க் கல்லைப் பார்க்கக் குனிந்தாலும் ஆள் சேர்ந்துவிட்டார்களாம். சில மாதங்களில் போவதையே நிறுத்திவிட்டார். ஆசிரியரும் அவரை அழைப்பதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கல் துண்டுகள் கிடந்த கிணற்றை, மாடு விழுந்துவிடும் என்று சாக்குச் சொல்லி, டிராக்டரில் மண் அடித்து மூடினேன். முதல் முறை பயத்தில் செய்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது முறைக்கு என்ன பெயர் வைப்பது?

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன், நம்புங்கள். நம்ப மாட்டீர்கள்... உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

"வாங்க தம்பி" என்று நாற்காலி போட்டார். பேரீச்சம்பழமும் டீயும் வந்தன. எட்டு வரிப் படத்தை எடுத்துக்காட்டி, விரல் வைத்து வாசித்தார். யாரோ ஒருவர் எங்கள் ஏரியை ஆண்டுதோறும் தூர் வாருவதற்கென்று நிலம் விட்டிருக்கிறார். கொடுத்தவர் பெயர் வருகிற இடத்தில் வரி நின்றுவிட்டது. மிச்சம் அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். அந்த அடுத்த பக்கம் என் கிணற்றுக்குள் கிடந்தது.

நான் டீயைக் குடித்தேன். அவரே கேட்டார்.

"உங்க நெலத்துக்கு ஒண்ணும் தொந்தரவு வரலையே தம்பி?"

அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் கேட்டாரா? அல்லது வெறும் அக்கறையா? இல்லை என்றேன். பேரீச்சம்பழத்தைத் தின்றேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

என் நிலத்தை யாரும் எடுக்கவில்லை. போன வருடம் ஊராட்சியில் தீர்மானம் போட்டு, மொட்டைக்கல்லைச் சுற்றி நாலடிக்கு நாலடி கம்பிவேலி அமைத்தார்கள். அவ்வளவுதான் போன இடம். நான் பயந்தது அந்த நாலடிக்கு! வேலியில் ஒரு பலகை மாட்டினார்கள். ஏரிக் கல்வெட்டு என்றும், பராமரிப்பவர் தங்கராசு என்றும் அதில் எழுதியிருக்கிறது. பூட்டின் சாவி என்னிடம் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

போன மாதம் ஒரு பெண்மணி வந்தார். இலங்கைத் தமிழர், கனடாவில் இருக்கிறார். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, இந்தக் கல்லைப் பற்றிக் கேள்விப்பட்டு வாடகைக் காரில் வந்திருந்தார். வேலியைத் திறந்துவிட்டேன். குனிந்து, உடைந்த விளிம்பை விரலால் தொட்டார். தன் ஊரிலும் இப்படிப் பழையவை பலவும் போய்விட்டன என்றார்.

"ஆர் ஐயா இதை உடைச்சது?"

நான் வாய் திறப்பதற்குள் கார் ஓட்டுநர் பதில் சொல்லிவிட்டார்.

"ஒரு பாய்ங்க. லப்பைக்குடிக்காட்டு ஆளு. கடத்தப் பாத்தாரு, முடியல."

அவர் எங்கள் ஊர்க்காரர்கூட இல்லை. அரியலூர்க்காரர். கதை அவ்வளவு தூரம் போயிருக்கிறது!

அந்த அம்மாள் என்னைப் பார்த்து, உண்மையா ஐயா என்று கேட்டார். எங்கள் மூவரைத் தவிர அங்கே யாரும் இல்லை. அவர் நாளைக்கு விமானம் ஏறிப் போய்விடுகிறவர். ஒரு சொல்தான்... ஒரே ஒரு சொல்!

"அப்படித்தாம்மா சொல்றாங்க" என்றேன்.

பெருமூச்சு விட்டார். என்னைப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். உங்களைப் போன்றவர்களால்தான் இந்த மிச்சமாவது நிற்கிறது என்று கை கூப்பினார். நானும் கூப்பினேன்.

கபூர் பாய் உயிரோடுதான் இருக்கிறார். விசாரித்து வைத்திருக்கிறேன். ஜெயங்கொண்டத்தில் ஏறினால், மாறி மாறிப் போனாலும் மூன்று மணி நேரத்தில் அவர் வாசலில் இறங்கிவிடலாம். இதோ, உங்களிடம் முழுவதும் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் பஸ்ஸில் ஏறவில்லை.