ஜெய்சல்மேர் ஏரியில் கை வைத்தேன்

தம்பி! டேய் தம்பி!

அன்றைக்குக் கூப்பிட முடியவில்லை, இன்றைக்குக் கூப்பிடுகிறேன். உன் பேரை இதில் எழுத மாட்டேன். எழுதினால் அழுகை வந்துவிடும், அதற்கு மேல் ஒரு வரி ஓடாது. வீட்டில் யார்தான் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? அம்மாவுக்கும் நீ தம்பி, நைனாவுக்கும் நீ தம்பி.

படிக்கிறவர்களுக்கு எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள். எங்களுக்கு வலை இல்லை, படகு இல்லை. ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவித் தடவிப் போவோம். கையில் சிக்கியதைப் பறியில் போடுவோம். பறி என்றால் பனை ஓலைக் கூடை. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியை வாயால்தான் பிடிக்க வேண்டும், அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். அதனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் பேச்சு கிடையாது. ம்ம் என்று முனகுவதுதான் பேச்சு.

போன ஐப்பசியில் நீ லீவில் வந்திருந்தாய். வேண்டாம் என்றாலும் கேட்காமல் என்னோடு ஏரிக்கு வந்தாய். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாய். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கரைக்குப் போகலாம் என்று சொல்லத்தான் தலையைத் தூக்கினேன். பறி இன்னும் வாயில்தான் இருந்தது. அதற்குள் உன் மேல் இடி இறங்கிவிட்டது.

அவ்வளவுதான். அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

அதற்கெல்லாம் முன்னால், ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் சோலார் தகடு மாட்டுகிற வேலைக்கு நீ போனபோது அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நீயோ போன் செய்தால் கோட்டையைப் பற்றித்தான் பேசுவாய்.

"அக்கா, கோட்டை மொத்தமும் மஞ்சக் கல்லுக்கா. சாயங்காலம் ஆச்சுன்னா அதிரசம் கலருக்கு வந்துடும்."

"நம்ம ஊர்லயும்தான் டச்சுக்காரன் கோட்டை கீது."

"இன்னா கீது? முள்ளுச் செடியும் ரெண்டு ஆடும் கீது. இங்க கோட்டைக்குள்ள ஜனம் குடியிருக்குதுக்கா. துணி காயப் போடுறாங்க, நாஷ்டா கடை போட்டுக்கீறாங்க. ஒரு வாட்டி வாக்கா, அரமனையெல்லாம் சுத்திக் காட்டுறேன்."

"நான் வந்துட்டா எறா யாருடா புடிப்பா?"

"ஒரு வாரம் அதுங்களும்தான் நிம்மதியா இருக்கட்டுமே!"

நீ போன பிறகு இங்கே யாரும் உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. நான் போனால் பேசிக்கொண்டிருக்கிறவர்களும் நிறுத்திவிடுகிறார்கள். என்னைப் பார்த்தாலே அவர்களுக்கு அந்த இடிதான் ஞாபகம் வருகிறது போல. உன்னை உயிரோடு மட்டுமே தெரிந்த ஒருத்தரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி பிடித்தது. ஒரே ஒருத்தர் போதும்.

உன்னோடு வேலை செய்த கூட்டாளி, நம் பக்கத்து ஊர் திருப்பாலைவனத்து நெல்லுக்காரர் வீட்டுப் பிள்ளை, மறுபடி வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அம்மாவைப் பார்க்க வந்தான். நானும் வருகிறேன் என்றேன்.

"அங்க இன்னாக்கா கீது? மணலும் வெயிலும்தான்."

"அவனைத் தெரிஞ்சவங்க யாருனா இருப்பாங்க இல்ல?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மாதான், "கூட்டிட்டுப் போப்பா. அவ இங்க இருந்து இன்னா பண்றா, செவுத்தைத்தான் பாத்துக்கினு கீறா" என்றாள்.

பொன்னேரியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் மாறி, அப்புறம் எங்கெங்கோ மாறினோம். போகப் போக ஜன்னலில் பச்சை குறைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பேசியது ஒன்றும் எனக்குப் புரியவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. யாரும் என்னிடம் துக்கம் கேட்க முடியாது இல்லையா?

நீ தங்கியிருந்த ஷெட்டுக்கு முதலில் போனேன். உன்னோடு இருந்த மற்றவர்கள் எல்லாரும் வேறு வேலைக்கு மாறிப் போயிருந்தார்கள். உன் கட்டிலில் பீகார்க்காரர் ஒருத்தர் படுத்திருந்தார். நான் நிற்பதைப் பார்த்துக் காலை மடக்கிக்கொண்டு இடம் விட்டார். உட்கார்ந்தேன். சுவரில் நீ ஏதாவது கிறுக்கியிருப்பாய் என்று பார்த்தேன். சுண்ணாம்பு அடித்துவிட்டிருந்தார்கள்.

மறுநாள், கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றேன், போனோம். நீ சொன்னது எல்லாம் நிஜம்தான். மஞ்சள் கல், காயப் போட்ட துணி, குறுக்கே வந்து நிற்கிற மாடு. அரண்மனை ஜன்னல்களில் கல்லைச் சல்லடை மாதிரி குடைந்திருந்தார்கள். எல்லாரும் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார்கள். நான் ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். நாஷ்டா கடையில் உன் போட்டோவைக் காட்டினேன். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்துவிட்டுத் தெரியாது என்று தலையை ஆட்டினார். தினமும் எத்தனையோ பேர் வருகிறார்களாம். துணிக் கடையிலும் அதே பதில். இவ்வளவு தூரம் வந்து ஒரு கல் கட்டிடத்தைப் பார்த்துவிட்டுப் போகப் போகிறேன் என்று நினைத்தேன்.

"நாங்க லீவுக்குத்தான்க்கா டவுனுக்கு வருவோம்" என்றான் உன் கூட்டாளி. "நான் சாப்பிட்டுத் தூங்கப் போய்டுவேன். அவன் மட்டும் ஏரிக்குப் போறேன்னு கெளம்பிடுவான்."

"ஏரியா? இங்கயா? இதை ஏன்டா நீ மொதல்லயே சொல்லல?"

"நீ கோட்டையத்தானக்கா பாக்கணும்ன?"

கோட்டைக்குக் கீழே, ராஜா காலத்தில் வெட்டிய ஏரி. தண்ணீருக்கு நடுவில் கல் மண்டபங்கள் நின்றன. படி இறங்கிக் காலை வைத்தேன். ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை. படியில் ஒரு வயதான அம்மா கூடையில் ரொட்டி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் அதை வாங்கிப் பிய்த்துப் போட்டார்கள். போட்ட இடத்தில் தண்ணீர் கொதித்தது. கெளுத்தி! ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, கை நீளத்துக்குக் கெளுத்தி.

யோசித்துச் செய்யவில்லை. என் கை போய்விட்டது. கெளுத்தியைத் தலைக்குப் பின்னால் பிடித்து, இரண்டு பக்க முள்ளையும் விரலிடுக்கில் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குத்திவிடும். பிடித்துத் தூக்கிவிட்டேன். இல்லாத பறிக்கு அதைக் கொண்டுபோகிறேன். கயிறு இல்லாமலேயே பல்லை இறுகக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

படி முழுக்கக் கூச்சல்.

"அக்கா! வுடுக்கா! வுடு! இங்க மீன் புடிக்கக் கூடாது. சாமி மாதிரி வச்சிக்கீறாங்க, நம்மள ஒதைப்பாங்க!"

விட்டுவிட்டேன். ரொட்டிக்கார அம்மா திட்டிக்கொண்டே இறங்கி வந்தார். வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். இரண்டு விரலை விரித்துக் காட்டி என்னவோ கேட்டார். அப்புறம் தன் பல்லை இறுகக் கடித்து, தாடையை என்னைப் போலவே வைத்துக் காட்டிச் சிரித்தார்.

"இன்னாடா சொல்லுது அந்தம்மா?"

உன் கூட்டாளியின் முகம் மாறிவிட்டது. "அக்கா... இதே மாதிரி ஒரு மதராசிப் பையன் புடிச்சானாம். இதே படியில. பல்லைக் கடிச்சிக்கினு. அன்னிக்கும் இதுதான் திட்டிச்சாம். அப்பறம் லீவு நாள்ல எல்லாம் வந்து பக்கத்துல உக்காந்துப்பானாம். பொழுதுபோனா கூடையை ரோடு வரைக்கும் தூக்கியாந்து குடுப்பானாம்."

போட்டோவைக் கொடுத்தேன். அந்த அம்மா அதை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். அப்புறம் என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். உன் ஜாடையைப் பார்த்துவிட்டார் போல.

"எப்போ வருவான்னு கேக்குதுக்கா. இன்னா சொல்லட்டும்?"

"ஊர்ல கீறான்னு சொல்லு."

"அக்கா..."

"சொல்லுடா. நல்லா கீறான், எறா புடிக்கிறான்னு சொல்லு."

அவன் சொன்னான். எனக்கு அவர் வேண்டும் தம்பி, அந்த ஒருத்தர். உண்மையைச் சொன்னால் அவரும் பேச்சை நிறுத்திவிடுவார். அந்த அம்மா இரண்டு கையையும் குவித்து, கண்ணை மூடி, நீ நல்லா இருக்க வேண்டும் என்று ரொம்ப நேரம் கும்பிட்டார். எனக்கு ஒரு ரொட்டி பாக்கெட் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மீனுக்குப் போடச் சொன்னார். போட்டேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினார். அதற்கு நானும் சிரித்துவிட்டேன். நீ போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். கோட்டையைப் பற்றி அம்மா ஒன்றுமே கேட்கவில்லை.

"நல்லா கும்புட்டாங்களா அவங்க?"

"நல்லா கும்புட்டாங்கம்மா."

"அது உசுரோட கீற புள்ளைக்குக் கும்புட்டதுடி. போன புள்ளைக்கு யாரு கும்புடுவா?"

அதற்காகத்தான் இதை எழுதினேன். அந்த அம்மா தெரியாமல் கும்பிட்டார். இதைப் படிக்கிற நீங்கள் தெரிந்து கும்பிடுங்கள். உங்கள் சாமி எந்தச் சாமியாக இருந்தாலும் சரி, கோயிலோ மசூதியோ மாதாவோ, போகிறபோது ஒரு நிமிஷம் எங்கள் பிள்ளைக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள். பேர் கேட்டால் பழவேற்காட்டுத் தம்பி என்று சொல்லுங்கள். சாமிக்குத் தெரியும்.