ஓர்ஃபா பிரித்துக் கொடுத்த பாதி

எல்வா காலைப் பாலைக் கறந்து கேனை மூடும்போது மணி ஐந்தரை. பக்கத்துப் பண்ணை மேனோ சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுத் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தான்.

"ஓர்ஃபா இறந்துட்டாங்க, எல்வா. விடிகாலையில எந்திரிச்சு வேலைக்குப் போயிருக்காங்க. பட்டறையிலேயே முடிஞ்சிருச்சு."

எல்வா கேன் மூடியை இன்னொரு தடவை அழுத்தினாள்.

ஹோம்ஸ் கவுண்டி என்னும் அந்த மாவட்டத்தில் ஓர்ஃபா ரேபரின் முட்டை நூடுல்ஸ் விற்காத கடை குறைவு. காரை ஒதுக்கிக் குதிரை வண்டியில் போய்வரும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் எல்லாப் பிள்ளைகளையும் போல எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். சபை மின்சாரத்தை அனுமதிக்காது. அவள் டீசல் எஞ்சினால் காற்றை அழுத்தி, அந்தக் காற்றில் மாவு இயந்திரத்தை ஓட்டினாள். வேலைக்கு வரும் பெண்கள் பெருகிக்கொண்டே போனதும் சபைத் தலைவரான பிஷப் வந்து நின்றார்.

"இது வீடா, தொழிற்சாலையா ஓர்ஃபா? வாசல்ல லாரி நிக்குதே."

"கடைக்காரங்களைக் குதிரை வண்டி கொண்டுவரச் சொல்லிப் பாத்தேன், அவங்க கேக்கல."

பிஷப் சிரித்துவிட்டார். ஆனாலும் பேச்சு மாறவில்லை. ஒரே வீடு அவ்வளவு பெரிதாக வளரக் கூடாது.

ஓர்ஃபா ஆட்களைக் குறைப்பாள் என்றுதான் ஊர் நினைத்தது. அவளோ, அப்போது தன்னிடம் வேலை பார்த்த, உலர்த்தும் அறையை விட்டு வெளியே வராத எல்வாவைக் கூப்பிட்டாள்.

"ரெண்டாவது இயந்திரத்தை எடுத்துட்டுப் போ. பாதிப் பேரையும் கூட்டிக்கோ. கிழக்குப் பக்கக் கடையெல்லாம் இனி உன்னுது."

"இங்கிலீஷ்காரங்க முன்னால எனக்குப் பேச்சே வராதுங்க." ஆமிஷ் அல்லாத எல்லாரும் அவர்களுக்கு இங்கிலீஷ்காரர்கள்தான்.

"பேசவா சொன்னேன்? ஆக்கி வைடி, அவங்க பேசட்டும்."

"தோத்துட்டா?"

"அவங்களுக்கு பேங்க் இருக்கு. உனக்கு ஞாயித்துக்கிழமை சபையில பெஞ்சுல உக்கார்ற அத்தனை பேரும் இருக்கோம். தோத்தா எங்க கூடத்தான் தோப்ப."

எல்வா ஒரு வாரம் யோசித்தாள். சரி என்று சொன்ன சனிக்கிழமையே ஆண்கள் பலகைகளோடு வந்து இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் எல்வாவின் புதுப் பட்டறைக்குக் கூரை ஏறியது. ஆணி அடித்தவர்களில் பிஷப்பும் ஒருவர். முதல் கடையில் எல்வா வாயே திறக்கவில்லை. கொண்டுபோன பாத்திரத்தைத் திறந்து வைத்தாள். கடைக்காரர் நின்றபடியே ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு, வாராவாரம் அனுப்பச் சொன்னார். பிறகு எல்வாவின் பட்டறையும் வளர்ந்தது. பிஷப் வருவதற்கு முன்பே அவளும் பாதியைப் பிரித்து இன்னொருத்திக்குக் கொடுத்தாள்.

சுற்றுலா வந்தவர்கள் மூன்று பட்டறைகளையும் போட்டிக் கடைகள் என்றே நினைத்தார்கள்.

சாவு விழுந்த வீட்டில் அடக்கம் முடியும்வரை அந்த வீட்டார் வேலையைத் தொடுவதில்லை; அக்கம்பக்கத்தார் செய்வார்கள். இப்போது எல்வா மேனோவிடம் சொன்னாள்: "என் பட்டறைப் பொண்ணுங்களை ஓர்ஃபா பட்டறைக்கு வரச் சொல்லு. இந்த வார ஆர்டர் அங்கிருந்து போயாகணும்."

"உன் ஆர்டர்?"

"கடைக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் போனபோது பட்டறைக் கதவு திறந்தே கிடந்தது. இயந்திரத்தின் தேய்ந்த பெல்ட் கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது. புது பெல்ட் மேல் சக்கரத்தில் மட்டும் மாட்டியிருந்தது; கீழ்ச் சக்கரத்துக்குப் போகவேண்டிய பாதி தொங்கிக்கொண்டிருந்தது.