ஞாயிற்றுக் கடல்

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. மாதா கோயிலில் பூசைக்கு முதல் மணி அடித்தபோது நானும் அப்பாவும் கடலில் இருந்தோம்.

கற்பிட்டிக் கரையில் உள்ள எங்கள் ஊரில் ஞாயிறன்று எவரும் கடற்றொழிலுக்குப் போவதில்லை. டொல்பின் பார்க்க வரும் நகரத்தாருக்கோ ஞாயிறன்றுதான் ஓய்வு. அவர்களைப் படகில் ஏற்றிச்செல்லும்படி விடுதிக்காரர் விடுத்த அழைப்பைப் பலமுறை மறுத்த அப்பா, மீன் குறைந்துபோன அந்த மாதத்தில் ஒப்புக்கொண்டார். வந்தவர்கள் கொழும்பில் பணிபுரியும் வெளிநாட்டார் நால்வர். அவர்களுடன் ஆங்கிலத்தில் பேசவே, பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த மகளான என்னை அழைத்துச் சென்றார்.

டொல்பின்கள் துள்ளின. அவர்கள் கைதட்டினார்கள். அப்பா கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் திரும்பியபோது பூசை முடிந்து, ஆண்கள் மீனவர் தங்கும் ஓலை வாடியின் நிழலில் அமர்ந்திருந்தார்கள்.

“டொல்பினெல்லாம் ஒழுங்காப் பூசை கண்டுதா, அண்ணே?” என்றார் சித்தப்பா.

“எழும்பி வந்து ஒரு கை குடு,” என்றார் அப்பா, படகைக் கரையேற்ற.

“இண்டைக்கு ஞாயிறு. நாங்க வேலை செய்யிறதில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரும் எழவில்லை. எங்கள் கரையில் எந்தப் படகும் ஒரு வீட்டாரின் கைகளால் மட்டும் ஏறி இறங்குவதில்லை; பிறர் படகுக்குக் கை கொடுப்பவருக்கே கை கிடைக்கும். மற்றவர்களின் கைகள் இல்லையெனில் அப்பாவுக்கு இனிக் கடல் இல்லை.

வெளிநாட்டார் குதித்திறங்கி, கூச்சலிட்டுச் சிரித்தபடி படகைக் கரைமேல் தள்ளினார்கள். படமும் எடுத்தார்கள். அந்த ஆண்கள் ஏன் வரவில்லை என்று ஒருத்தி கேட்டாள். இன்று அவர்களுக்கு ஓய்வு நாள் என்றேன். பிழையில்லாத விடைதான்.

அம்மா தனியே பூசைக்குப் போய் வந்திருந்தார். அன்று மூவரும் வெவ்வேறு வேளைகளில் சாப்பிட்டோம்.

“வாற கிழமையும் போவீங்களா?” என்று அம்மா கேட்டார்.

“முதல்ல, நாளைக்கு ஆர் தள்ள வாறாங்க எண்டு பாப்பம்,” என்றார் அப்பா.

மறுநாள் விடியற்காலை அப்பா தம் படகருகே தனியே நின்றார். மற்றவர்கள் சித்தப்பாவின் படகைச் சூழ்ந்திருந்தார்கள். பெண்கள் படகு தள்ளும் வழக்கம் அங்கில்லை. நான் போய், சித்தப்பாவின் படகில் இருவருக்கிடையே இருந்த இடைவெளியில் கை வைத்தேன். சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“சட்டை நனையும், புள்ள.”

கையை எடு என்று அவர் சொல்லவில்லை. தள்ளினேன். படகு நீரில் இறங்கியதும், கை கொடுக்க அடுத்த படகுக்குப் போனேன்.