யோகலட்சுமி சொல்லாமல் இருந்த ஒன்பது நாள்

மைமூனம்மாளின் ரத்தத்தை இயந்திரத்தில் சுழலவிட்டு எடுத்தபோது, குழாயின் மேல்பாதியில் தெளிந்து நின்ற நீர் வழக்கமான வைக்கோல் நிறத்தில் இல்லை. கடலை எண்ணெய் மாதிரி இருந்தது. யோகலட்சுமி அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மாசாமாசம் வருகிறவர், சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கத்தான் சீட்டு. மனசு கேட்காமல் ஈரலுக்கான பரிசோதனையையும் சேர்த்துப் போட்டாள். நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எண் அறுநூறைத் தாண்டி நின்றது. லேபின் டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர் சர்க்கரை மாத்திரையைச் சந்தேகப்பட்டு வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த லேபில் அவள் சேர்ந்து பத்தொன்பது வருஷம். அப்பா சாகும்போது அவளுக்குப் பதிமூன்று வயது. அண்ணன் குருநாதன் விசைத்தறியில் நின்று அவளை டிப்ளமோ வரைக்கும் படிக்க வைத்தார். பஞ்சுத் தூசியில் அவருக்கு நெஞ்சு கெட்டது. இருமல் நிற்காத நாளில், யாரோ சொன்னார்கள் என்று சீந்தில் கொடியைக் கஷாயம் போட்டுக் குடித்தார். இருமல் நின்றது. அதே மாசம்தான் தறி வேலையையும் விட்டிருந்தார். எதனால் நின்றது என்று யார் கண்டது? ஆனால் அன்றிலிருந்து அவர் சீந்தில் ஆளாகிவிட்டார். கொரோனா வருஷத்தில் தெருத்தெருவாகக் கஷாயம் ஊற்றினார். பிறகு கொடியைக் காயவைத்து இடித்துப் பொடியாகக் கொடுத்தார். கேட்டவருக்கெல்லாம் சும்மாதான் கொடுத்தார். ஊர் அதை அண்ணாச்சி பொடி என்றது.

அடுத்த இரண்டு வாரத்தில் அதே நிறத்தில் இன்னும் மூன்று குழாய்கள். ஒரு தறி முதலாளி, திருவேங்கடம் ஊர் டீச்சர் ஒருவர், ஒரு பஸ் கண்டக்டர். காமாலைக் கிருமிகளைத் தேடிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. தண்ணீர் கெட்டிருக்குமோ என்று பார்த்தால், நான்கு பேரும் நான்கு இடத்துத் தண்ணீர் குடிக்கிறவர்கள். சாப்பிடுகிற மருந்து என்ன என்று சீட்டில் ஒரு கட்டம் உண்டு. நால்வருமே இல்லை என்றுதான் எழுதியிருந்தார்கள்.

கண்டக்டர் மறுபடி வந்தபோது அவள் கேள்வியை மாற்றிக் கேட்டாள். காலையில் எழுந்ததும் முதலில் வாயில் என்ன போடுகிறார் என்று கேட்டாள்.

"உங்க அண்ணன் பொடிதான் ஒரு ஸ்பூன். அதுக்குப் பெறவுதான் காப்பியே," என்றார் அவர். "இப்ப கொஞ்ச நாளா கசப்பு ஜாஸ்தி. நல்ல சரக்கு போல."

அன்று மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் போனில் தேடினாள். சீந்தில் குடித்து ஈரல் கெட்டவர்களைப் பற்றி இந்த நாலைந்து வருஷத்தில் பல ஊர் டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். அந்த ஆங்கிலத்தை வரிவரியாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேரை வைத்து என்ன தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள். வேலியோரத்துக் கொடியெல்லாம் தீர்ந்துபோனதால், இரண்டு வருஷத்துக்கு முன் அவர் எங்கோ ஒரு நர்சரியில் தண்டு வாங்கி வந்து காம்பவுண்டுச் சுவர் நெடுக நட்டிருந்தார். அது இப்போது சுவரே தெரியாமல் மூடிக் கிடந்தது. பழைய கொடியைவிட வேகமாக வருகிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவப் போனாள்.

ஒன்பதாம் நாள் மைமூனம்மாளை அவர் மகன் அப்சல் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். கண் இரண்டும் மஞ்சள். அவரைப் பெஞ்சில் படுக்க வைத்துக் கையைப் பிடித்தபோது அவரே சொன்னார்:

"கண்ணு மஞ்சளா இருக்குன்னு உங்க அண்ணன்கிட்ட காட்டுனேன், மக்கா. பொடிய ரெண்டு வேளையா குடிக்கச் சொன்னாவ. ஒரு வாரமா விடாம குடிக்கேன்."

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக யோகலட்சுமிக்கு நரம்பு அகப்படவில்லை. மூன்று முறை குத்தினாள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்ததும், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசலில் வாடகைக்கு எடுத்த இரண்டு பெரிய அண்டாக்கள் கவிழ்த்து வைத்திருந்தன. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வருகிற சனத்துக்கெல்லாம் கஷாயம் கொடுக்கப் போவதாக அவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். தபசுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

"அண்ணே, அந்தப் பொடிய இனிமே யாருக்கும் குடுக்காதிய."

"யாரு சொன்னா, டாக்டரம்மாவா?"

"நான் சொல்லுதேன். ரத்தத்தைப் பாத்தவ நான்."

அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு குத்துப் பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். ஐந்து வருஷமாகத் தினம் தின்கிறவன் நான், எனக்கு என்ன வந்தது என்று கேட்டார். ஆனால் கிளம்பும்போது அவள் ஒரு முழத் தண்டை வெட்டி எடுத்துக்கொண்டதை அவர் தடுக்கவும் இல்லை.

பொடியைப் பற்றி அவள் சொன்னதும், டாக்டரம்மா அந்தத் தண்டைத் தனக்குத் தெரிந்த தாவரவியல் பேராசிரியர் சாம்சனுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் அவரே நேரில் வந்து சுவரோரம் நின்று கொடியைத் தடவிப் பார்த்தார். தண்டு முழுக்க மரு மருவாகப் புடைத்திருந்தது. சீந்திலுக்கு இப்படி இருக்காது, இது அதன் பங்காளி, தென்கிழக்கு ஆசியப் பக்கத்துக் கொடி என்றார். இலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். இதைக் குடித்தும் பலருக்கு ஈரல் கெட்டிருக்கிறது என்றார். அசல் சீந்திலேகூடச் சில உடம்புக்கு ஆகாது, அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை என்றும் சொன்னார்.

குருநாதன் ஒரு மருவின்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றார். "நல்லா வெளஞ்சதுக்கு அடையாளம்னுல்லா நெனச்சேன்," என்றார்.

அண்டாக்கள் திரும்பிப் போயின. அவர் வீடு வீடாக ஏறிப் பொடியைத் திருப்பிக் கேட்டார். சிலர் கொடுத்தார்கள். சிலர், காசு கொடுத்து வாங்குவதாக அவருக்கு எவனோ ஆசை காட்டிவிட்டான், அதனால்தான் சும்மா கொடுத்ததைப் பிடுங்குகிறார் என்று நினைத்து, தீர்ந்துவிட்டது என்றார்கள். மற்ற மூன்று பேருக்கும் பொடியை நிறுத்தியதும் மெல்ல மெல்ல எண்கள் இறங்கின. மைமூனம்மாள் தபசு முடிந்த நாலாம் நாள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

உடல் ஊருக்கு வந்ததும் மையத்து வீட்டுக்குக் குருநாதன் போனார். தெருமுனையிலேயே நின்றுவிட்டவருக்கு அப்சல்தான் நாற்காலி கொண்டுவந்து போட்டான். "கடைசி வரைக்கும் உம்மாவுக்கு ஒங்க மேல நம்பிக்கைதான், அண்ணாச்சி," என்றான். குருநாதனால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

மறுநாள் காலையில் லேப் திறக்கும்போதே அவர் வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். யோகலட்சுமி ரத்தம் எடுத்தாள். ஒரு மணி நேரம் ஆனது. எண் இருபத்திரண்டு என்று வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லாத ஈரல்.

அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "எல்லாரையும் விட நான்தானட்டி கூடக் குடிச்சேன். எனக்கு ஏன் ஒண்ணுமில்ல?"

அவள், தான் ஒன்பது நாள் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்ததைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பிட்டபோதே தெரியும் என்பதையும் சொன்னாள். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தானும் ஒன்று சொல்லாமல் இருப்பதாகச் சொன்னார். பங்குனியில் ஒரு மூலிகை வியாபாரி வந்து கேட்டாராம். அண்ணன் அவருக்குக் காய்ந்த தண்டு இரண்டு சாக்கு கொடுத்தாராம். அந்தச் சுவரில் வெட்டியதுதான்.

யோகலட்சுமி அங்கேயே நம்பர் வாங்கிப் போன் போட்டாள். வியாபாரிக்கு முதலில் நினைவே வரவில்லை. பிறகு, வேறு ஊர்ச் சரக்கோடு சேர்த்து லாரியில் ஏற்றியதாகச் சொன்னார். அந்த லாரி நாலைந்து மருந்துக் கம்பெனிக்குப் போகும். எது எங்கே இறங்கியது என்று அவருக்குத் தெரியாது.

"அது அப்பமே போயிட்டு, தங்கச்சி. இந்நேரம் அரைச்சு டப்பால அடைச்சிருப்பான்."

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அன்றே டாக்டரம்மாவின் கையெழுத்தோடு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். கிடைத்தது என்று அட்டை வந்தது. மூன்று மாசம் ஆகிறது. வேறு ஒன்றும் வரவில்லை.