பீட்ரூட் கட்லட்

சிறிதரனைக் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் பிறந்தவன், வைதேகியைக் கட்டிய அன்றே மீனை விட்டான். அவள் முட்டை அவித்த சட்டியில் தண்ணீர்கூடச் சுடவைக்காத சைவக்காரி. விடச் சொல்லி அவள் கேட்கவில்லை, அவனாகத்தான் விட்டான்.

எழுபத்தேழாம் ஆண்டு, கடல் கடந்து குடியேறிய செவன் ஹில்ஸ் ஊரில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்தபோது வைதேகிக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிள்ளை. இரத்தத்தில் இரும்புச்சத்து போதாது, நாள்தோறும் மாத்திரை எடுக்காவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று கிளினிக் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அரசாங்க உதவிப்பணம் இன்னும் வரத் தொடங்கவில்லை. கையில் இருந்தவை தேவாலயத்துக்காரர் இரங்கிக் கொடுத்த சாப்பாட்டுக் கூப்பன்கள் மட்டுமே.

அரிசி பருப்போடு மாத்திரைப் போத்தலையும் சேர்த்துக் கடை மேசையில் வைத்தான். கடைக்காரர் போத்தலை மட்டும் எடுத்து ஒதுக்கினார்.

"கூப்பன் சாப்பாட்டுக்குத்தான். மாத்திரை சாப்பாடு இல்லை."

சிறிதரன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மனைவியின் நிலையைச் சொன்னான். மனிதர் உண்மையிலேயே இளகிவிட்டார். போய் இறைச்சிப் பெட்டியிலிருந்து ஒரு பொதியை எடுத்து வந்தார்.

"ஆட்டீரல். இதில் இல்லாத இரும்பா? இதற்குக் கூப்பன் செல்லும்."

மாத்திரைக்குச் செல்லாத கூப்பன் ஈரலுக்குச் செல்லுமாம். சட்டம் போட்டவர் வீட்டில் சைவக்காரர் யாரும் இல்லைப் போலும்.

ஆபத்துக்குப் பாவமில்லை என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். வைதேகி கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஈரலை அவித்து மசித்து, உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் சேர்த்து, மிளகும் பெருஞ்சீரகமும் அள்ளிப் போட்டுக் கட்லட் பொரித்தான்.

"என்னப்பா இது, ஒரு மாதிரி மணக்குது?"

"பீட்ரூட்தான். இந்த ஊர்ப் பீட்ரூட் அப்பிடித்தான். சாப்பிடும்."

சாப்பிட்டாள். மறுநாள் தானே கேட்டு வாங்கினாள். "குசினிக்குள்ள நீங்கள் இவ்வளவு கெட்டிக்காரன் எண்டு தெரியாமப் போச்சே!" என்று சிரித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டியைக் கழுவப் போனான். ஆனாலும் நிறுத்தவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவனுடையது அதைவிடக் கொஞ்சம் கூடவே ஓடியது. ஒருநாள் கூப்பனோடு வைதேகியே கடைக்குப் போனாள். கடைக்காரர் அன்பாகத்தான் விசாரித்தார். "ஈரல் பிடித்திருக்கிறதா? உங்களுக்காகத்தானே அவர் தேடித் தேடி வாங்குகிறார்."

வீட்டுக்கு வந்தவள், "ஈரலோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிறிதரன் கதவருகே நின்றான்.

"பிள்ளைக்காகத்தான் செய்தனான், வைதேகி."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தா, பிள்ளைக்காக நானே கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருப்பன்."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பான். கத்தவில்லை. அவன் கை பட்ட எதையும் அதன்பின் வாயில் வைக்கவில்லை, தேநீரைக்கூட. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய், தானே வெறும் சோறு வடித்துத் தின்றாள்.

உதவிப்பணம் வந்த அன்றே ஓடிப்போய் மாத்திரை வாங்கி வந்தான். அவள் ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள என்ன கிடக்கு?"

"இரும்புதான். கடவுளாணை."

"பீட்ரூட் எண்டும் நீங்கள்தானே சொன்னனீங்கள்."

மாத்திரையைத் திரும்பப் போத்தலுக்குள் போட்டு மூடினாள். நர்ஸைக் கூட்டிவந்தாவது சொல்லவைக்க வேண்டும் என்று அவன் முடிவெடுத்த கிழமையே வலி கண்டுவிட்டது.

பிள்ளை காலத்துக்கு முன்பே பிறந்தது. பெண். அழவேயில்லை. மாத்திரை எடுக்காததுதான் காரணமா என்று டாக்டரைக் கேட்டான். அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் அவர். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று சிறிதரனுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கதிரையில் தலை குனிந்து இருந்தான். வைதேகி மெல்ல அவன் பக்கம் திரும்பினாள்.

"அது உண்மையா மாத்திரைதானோ?"

"ஓம்."

இந்த முறை அவள் நம்பினாள்.