நீல நூலைப் பிடுங்கிய பரிபூரணம்

பரிபூரணத்தின் கண்ணுக்குத் தப்பி ஒரு தலைமுடிகூட வெளியே போனதில்லை. ராஜபாளையம் பக்கம் சுப்புராஜின் பேண்டேஜ் தறிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக அவளுக்குத் துணி சோதிக்கும் வேலை. புண்ணில் கட்டுகிற துணி. தூசியோ நிற நூலோ இருக்கக் கூடாது. கண்டால் பிடுங்கி எறிவாள். கோயில் ஜெபத்தின் நடுவிலும் முன்வரிசைக்காரியின் சேலையில் ஒட்டிய பஞ்சை எடுத்துவிடுகிற கை அது.

அவளை வெகுநாளாக அரித்த கேள்வி ஒன்று உண்டு. இழுத்தால் நீளும் கிரேப் பேண்டேஜ், தறியிலிருந்து இறங்கும்போது சாதாத் துணியாகத்தான் இருக்கும். தண்ணீர் பட்டதும் உயிர் வந்ததுபோல் சுருங்கும். ஏன் என்று கேட்டால், "முறுக்கு நூலு அப்படித்தான்" என்பார்கள். இது ஒரு பதிலா?

போன மாசம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பிளஸ்ஸி என்பவள் ஒரு புதுமாதிரித் துணி நெய்து கேட்டுத் தறிக்கூடத்துக்கு வந்தாள். கட்டடம் வடிவமைக்கிறவள். பதில் அவளிடம் இருந்தது.

"அது அளவுக்கு மீறி முறுக்கின நூல், அக்கா. நனைஞ்சா வீங்கிப் பிரியப் பார்க்கும், துணி விடாது. அதான் சுருங்குது. கீழ்ப்பக்கம் முறுக்கு நூல், மேல்பக்கம் சாதா நூல்னு ரெட்டைத் துணியா நெய்தா, கீழ்ப்பக்கம் மட்டும் சுருங்கி நடுவுல வளைவா எழும்பும்."

மாவுக்கட்டுப் பொடி பூசிவைத்தால் எழும்பிய நிலையிலேயே இறுகிவிடுமாம். சாரம் கட்டாமல், பலகை அடிக்காமல் தானே எழும்பும் கூரை. முதலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மாதிரி செய்து பார்க்க வேண்டுமாம்.

"அதை நான் நெய்யுதேன்" என்று முந்திக்கொண்டாள் பரிபூரணம். தறி ஓட்டவும் தெரிந்தவள்தான். சுப்புராஜ் அரைமனதாகத் தலையாட்டினார்.

"ஒரு வாரம் ஒரு தறி தாரேன். துணி எந்திரிச்சா தறி ஒனக்கு. இல்லைன்னா பழையபடி சோதிக்கிற மேசைதான்."

வாரம் முடிந்த அன்று ஆறடித் துணியை முற்றத்தில் விரித்தார்கள். தண்ணீரோடு குனிந்த பிளஸ்ஸி நிமிர்ந்தாள்.

"அக்கா, கீழ்ப்பக்கம் எதுன்னு தெரிய ஓரத்துல ஒரு நீல நூல் விடச் சொன்னேனே?"

பரிபூரணம் குனிந்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். விட்டாள்தான். நெய்து முடித்து, வழக்கம்போல் சோதித்து, வழக்கம்போல் பிடுங்கியும் விட்டாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? பொடி பூசிய இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை. தலைகீழாக நனைத்தால் சட்டி மாதிரி குழிந்து இறுகிவிடும். மறுபடி நெய்யத் தறி கிடைக்காது.

"நாந்தான் பிடுங்கிட்டேன் மேடம்" என்றாள்.

சுப்புராஜ் தலையில் கைவைத்தார். "அம்புட்டுத்தான். தறியைப் பேண்டேஜுக்குத் திருப்பிர வேண்டியதுதான்."

"செத்த நேரம் பொறுங்க மொதலாளி."

துணியின் மேல்பக்க ஓரத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு நூலை உருவினாள். பொடியை ஊதித் தட்டி, வாயில் வைத்தாள். அந்தக் கூடத்தில் நூலை வாயில் வைப்பது பெருங்குற்றம். அதற்காக ஊர்ப்பட்ட பேரை அழவைத்தவள் அவளேதான்.

எச்சில் நூலை உள்ளங்கையில் விட்டாள். நெய்வதற்காக நூலில் ஏற்றிய கஞ்சியில் அடங்கிக் கிடந்த முறுக்கு விழித்துக்கொண்டது. நூல் நெளிந்து, தன்னைத்தானே சுற்றிச் சுருண்டது. அடிப்பக்கத்திலிருந்து உருவிய நூல் நனைந்தும் சும்மா கிடந்தது.

"முறுக்கு மேல இருக்கு. திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டு நனைத்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடுவில் லேசாகத் தூக்கியது. மெள்ள மெள்ள வளைந்து முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது. பரிபூரணம் வெறுந்தரையில் குப்புறப் படுத்து, வளைவுக்கு அடியில் தலையை நீட்டிப் பார்த்தாள். ஒரு குச்சிகூட முட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் அவளுடைய தறியில் அடுத்த துணி ஓடியது. ஓரத்தில் நீல நூல் தெரிந்ததும் வலதுகை தன்னால் அதை நோக்கிப் போனது. இடதுகையால் அந்தக் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.